வெண்கலத்தில் தறுகண்: ‘அச்சமற்ற சிறுமி’ சிற்பமும் வணிக உலகில் பெண் சமத்துவமும்

ஆய்வுச் சுருக்கம்

வணிக நிறுவனங்களின் உயர் பொறுப்புகளில் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்து, 2017ஆம் ஆண்டு நியூயார்க் நகரின் நிதி வணிகப் பகுதியில் ‘அச்சமற்ற சிறுமி’ என்னும் வெண்கலச் சிற்பம் நிறுவப்பட்டது. பெரும் வரவேற்பையும் கடும் எதிர்ப்பையும் ஒருசேரப் பெற்ற இச்சிற்பத்தைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் களன், கூற்று, கேட்போர், பயன், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளையும், மெய்ப்பாட்டியல் கூறும் பெருமிதம் என்னும் மெய்ப்பாட்டையும் கருவியாகக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. சிற்பத்தின் ஆற்றல் அது நின்ற களத்திலிருந்தும், அதன் வரம்பு அதைப் பேசவைத்த நிறுவனத்தின் கூற்றிலிருந்தும் பிறக்கின்றன என்பதும், சமத்துவம் கோரும் பொதுச்சிற்பத்தை மதிப்பிடும்போது உருவத்தோடு கூற்றுக்குரியவரின் செயலையும் சேர்த்தே பார்க்கவேண்டும் என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

திறவுச்சொற்கள்: பொதுச்சிற்பம், பெண் சமத்துவம், அச்சமற்ற சிறுமி, பாயும் காளை, தறுகண், கூற்று, களன், முன்னம்.

முன்னுரை

பொதுவெளியில் நிற்கும் சிற்பம் அருங்காட்சியகச் சிற்பத்தினின்று வேறுபட்டது. அதைக் காண்போர் நுழைவுச்சீட்டு வாங்கி வருவதில்லை. தத்தம் வேலையாகச் செல்லும் வழியில் அதனை எதிர்கொள்கின்றனர். ஆகவே யாரை அங்கே நிறுத்துவது என்னும் முடிவு ஒரு சமூகத்தின் மதிப்பீட்டை வெளிப்படுத்துகிறது. நியூயார்க் நகரப் பொதுவெளியில் உள்ள ஏறத்தாழ 150 வரலாற்று மாந்தர் சிலைகளுள் பெண்களுடையவை ஐந்து மட்டுமே என்பது 2018 அளவில் அந்நகரில் பெரிதும் பேசப்பட்ட செய்தியாகும். இத்தகைய ஒரு நகரில், அதிலும் ஆண்களின் ஆடுகளமாகவே நெடுங்காலம் கருதப்பட்ட வால் ஸ்ட்ரீட் பகுதியில், 2017 மார்ச் 7ஆம் நாள், அனைத்துலகப் பெண்கள் நாளுக்கு முந்தைய நாளில், ஒரு சிறுமியின் சிற்பம் தோன்றியது.

சிற்பி கிறிஸ்டன் விஸ்பல். செய்வித்தது ஸ்டேட் ஸ்ட்ரீட் குளோபல் அட்வைசர்ஸ் என்னும் சொத்து மேலாண்மை நிறுவனம். அப்போது ஏறத்தாழ 2.5 டிரில்லியன் டாலர் முதலீட்டை நிருவகித்து வந்த அந்நிறுவனத்திற்காக இம்முயற்சியை வடிவமைத்தது மெக்கான் என்னும் விளம்பர நிறுவனம். ஏறக்குறைய 50 அங்குல உயரமுள்ள அச்சிறுமி, இடுப்பில் இரு கைகளையும் ஊன்றி, மோவாயை உயர்த்தி, காற்றில் ஆடையும் கூந்தலும் அலைய நின்றாள். அவள் எதிரே நின்றது உலகறிந்த ‘பாயும் காளை’.

இச்சிற்பம் குறித்த வாதங்கள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்கின்றன. ஒரு சாரார் இதனைப் பெண்ணுரிமையின் சின்னம் என்கின்றனர். மறுசாரார் இது விளம்பரம் மட்டுமே என்கின்றனர். ஒரே சிற்பம் எவ்வாறு இரண்டாகவும் இருக்க இயன்றது என்பதே ஆராயத்தக்க வினா. அதற்குச் சிற்பத்தை ஓர் உருவமாக மட்டும் காணாமல் ஒரு கூற்றாகக் காண்பது துணைசெய்யும். செய்யுளின் உறுப்புகள் முப்பத்துநான்கைத் தொகுக்கும் தொல்காப்பியச் செய்யுளியல், யார் பேசுகிறார், யார் கேட்கிறார், எவ்விடத்து, என்ன பயன் கருதி என்பவற்றையும் உறுப்புகளாகவே கொள்கிறது. இவ்விடத்து இச்சொல் இன்னார் இன்னார்க்கு உரியது என்று உணரவைக்கும் பொருத்தமே ‘முன்னம்’ எனப்படுகிறது. செய்யுளுக்கு வகுத்த இலக்கணத்தை வெண்கலத்திற்கு அப்படியே பொருத்த இயலாதெனினும், பொதுச்சிற்பமும் ஒருவர் மற்றவர்க்கு ஓரிடத்தில் கூறும் கூற்றே என்ற அளவில் அக்கருவிகள் பயன்படுகின்றன.

களன்: காளைக்கு எதிரே

சிறுமியின் பொருளை அறியக் காளையின் வரலாற்றை அறிதல் வேண்டும். 1987 அக்டோபர் 19 அன்று நியூயார்க் பங்குச்சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு ஒரே நாளில் 22.6 விழுக்காடு வீழ்ந்தது. அதன்பின் இத்தாலியில் பிறந்த சிற்பி ஆர்ட்டுரோ டி மோடிக்கா, சுமார் 3,60,000 டாலர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, மூன்று டன்னுக்கும் மேற்பட்ட எடையுள்ள வெண்கலக் காளையை உருவாக்கினார். 1989 டிசம்பர் 15ஆம் நாள் எவருடைய அனுமதியும் பெறாமல் அதனைப் பங்குச்சந்தைக் கட்டடத்தின் முன் இறக்கிவைத்தார். அன்றே அது அகற்றப்பட்டது. மக்கள் ஆதரவு பெருகவே சில நாள்களில் பவுலிங் கிரீன் பூங்காவின் முகப்பில் இடம்பெற்றது. வீழ்ச்சியிலிருந்து மீண்டெழும் மக்களின் வலிமையையே அது குறித்தது என்பது சிற்பியின் கருத்து.

சிறுமி வந்து நின்றதும் காளையின் பொருள் மாறியது. அதன் உடலில் ஒரு கீறலும் விழவில்லை. ஆனால் மீட்சியின் அடையாளமாக நின்ற விலங்கு, ஒரு குழந்தையை நோக்கிப் பாயும் ஆணாதிக்கமாக வாசிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் டி மோடிக்கா செய்தியாளர்களைச் சந்தித்து, தம் படைப்பின் பொருள் தம் இசைவின்றித் திரிக்கப்பட்டது என்றும், சிறுமியை அகற்றவேண்டும் என்றும் கோரினார். அந்நாளைய நகர மேயர் பில் டி பிளாசியோ, பெண்கள் இடம்பிடிப்பதை விரும்பாத ஆண்கள் இருப்பதாலேயே இச்சிற்பம் தேவைப்படுகிறது என்னும் பொருள்பட மறுமொழி கூறினார்.

மேயரின் மறுமொழி அரசியலுக்குப் பொருந்தியது, திறனாய்வுக்குப் போதாது. டி மோடிக்காவின் குறையை ஓர் ஆணின் எரிச்சல் என ஒதுக்கினால், இச்சிற்பம் இயங்கிய முறையே மறைந்துவிடும். காளை இல்லையேல் சிறுமியின் நிமிர்வு எதை நோக்கியது என்பது தெளிவுபடாது. அவளுடைய துணிவின் அளவு காளையின் பேருருவால் அளக்கப்பட்டது. அதாவது இச்சிற்பத்தின் பொருளில் பாதி மற்றொருவரின் படைப்பிலிருந்து பெறப்பட்டது. அதே வேளையில் டி மோடிக்காவின் வாதத்திலும் ஒரு முரண் உண்டு. அனுமதியின்றிப் பொதுவெளியில் வந்து நின்று அவ்விடத்தின் பொருளையே மாற்றியமைத்த படைப்பு காளை. தான் மாற்றிய களத்தைப் பிறர் மாற்றலாகாது என்று பொதுச்சிற்பம் கோர இயலாது. 2017 மே மாதத்தில் அலெக்ஸ் கார்டேகா என்னும் கலைஞர், காலைத் தூக்கிச் சிறுநீர் கழிக்கும் சிறு நாயின் உருவைச் சிறுமியின் காலருகே சில மணிநேரம் வைத்தார். காளைக்குச் சிறுமி செய்ததைச் சிறுமிக்கு நாய் செய்தது. பொதுவெளியில் களனும் ஓர் உறுப்பு என்பதையும், அவ்வுறுப்பு எவருக்கும் தனியுரிமை அன்று என்பதையும் இம்மூன்று உருவங்களும் சேர்ந்து காட்டின.

மெய்ப்பாடு: தறுகண் மட்டும்

மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாகப் பெருமிதத்தைக் கூறி, அது கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கின்வழிப் பிறக்கும் என்கிறது. தறுகண் என்பது அஞ்சாமை. இச்சிற்பத்தின் பெயரே அதுதான். சிறுமியின் நிமிர்ந்த மோவாயும் ஊன்றிய கைகளும் தறுகண்ணால் விளையும் பெருமிதத்தை ஐயத்திற்கிடமின்றி வெளிப்படுத்துகின்றன. விஸ்பலின் கைத்திறன் இங்கே பாராட்டுக்குரியது. சினம், வெறுப்பு, அறைகூவல் ஆகியவற்றின் சாயல் அம்முகத்தில் இல்லை. அச்சமின்மையைச் சண்டைக் குணமாக மாற்றாமல் உறுதியாக நிறுத்தியிருப்பது எளிய செயலன்று.

ஆயினும் எஞ்சிய மூன்றும் எங்கே என்ற வினா எழுகிறது. கல்வி, புகழ், கொடை ஆகியவை வாழ்ந்து ஈட்டப்படுபவை. ஒரு குழந்தையிடம் அவற்றை எதிர்பார்க்க முடியாது. அவளிடம் இருக்கக்கூடியது துணிவு ஒன்றே. வணிக நிறுவனங்களின் தலைமைப் பொறுப்பில் இடம் கோருவோரோ குழந்தைகள் அல்லர். கணக்கியலும் சட்டமும் நிதியியலும் கற்று, பல்லாண்டு உழைத்து, தகுதி பெற்றும் தடுத்து நிறுத்தப்பட்ட வளர்ந்த பெண்கள் அவர்கள். அவர்களிடம் குறைவாக இருந்தது துணிவன்று. ஊதியமும் பதவியும் வாக்கும் ஆகும். வளர்ந்த பெண்ணின் கோரிக்கையைக் குழந்தையின் உடலில் ஏற்றும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன. ஒன்று, உரிமைக் கோரிக்கை பரிவுக்குரிய காட்சியாகிறது. நாற்பது வயதுப் பெண்ணொருத்தி கைகளை இடுப்பில் ஊன்றி அதே இடத்தில் நின்றிருந்தால், அத்தனை பேர் மகிழ்ந்து அவளருகே நின்று படமெடுத்திருப்பார்களா என்பது ஐயமே. மற்றொன்று, சமத்துவம் எதிர்காலத்திற்கு ஒத்திவைக்கப்படுகிறது. சிறுமி வளரவேண்டும், அவள் வளரும்வரை எவரும் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

இதற்கு மறுப்பும் உண்டு. அச்சிற்பத்தருகே தாய்மார் தம் மகள்களை நிறுத்தியதும், சிறுமியர் அதன் நிலையை அப்படியே நடித்துக் காட்டியதும் பொய்யல்ல. சிற்பம் நிலைக்கவேண்டும் என்று பலர் கையொப்பமிட்டுக் கோரினர். நெடுநாள் ஆண் உருவங்களையே கண்டு பழகிய தெருவில் தன்னளவுள்ள ஓர் உருவத்தைக் காணும் சிறுமிக்கு அது தரும் உவகை, சிற்பத்தைச் செய்வித்தவரின் நோக்கத்தால் இல்லாமற்போவதில்லை. கேட்போர் தமக்கென ஒரு பொருளை ஆக்கிக்கொள்ள இயலும் என்பதே பொதுச்சிற்பத்தின் சிறப்பு. எனினும் கேட்போர் ஆக்கிய பொருள் கூற்றுக்குரியவரின் பொறுப்பைக் குறைப்பதில்லை.

கூற்று: பேசுவது யார்?

சிறுமியின் காலடியில் முதலில் ஒரு பட்டயம் இருந்தது. தலைமைப் பொறுப்பில் பெண்களின் ஆற்றலை அறிக என்றும், ‘அவள்’ மாற்றத்தை உண்டாக்குகிறாள் என்றும் அது கூறியது. ‘அவள்’ எனப் பொருள்படும் ‘ஷி’ என்னும் ஆங்கிலச் சொல் அதில் முழுவதும் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது. அச்சொல் பெண்பாற் சுட்டு மட்டுமன்று. மூத்த பொறுப்புகளில் பெண்கள் மிகுந்துள்ள நிறுவனங்களின் பங்குகளை வாங்குவதற்காக 2016இல் அந்நிறுவனம் தொடங்கிய முதலீட்டு நிதியத்தின் சந்தைக் குறியீடும் அதுவே. ஒரே சொல் பெண்ணையும் விற்பனைப் பொருளையும் சுட்டியது. இலக்கியத்தில் இரட்டுறமொழிதல் எனப் பாராட்டப்படும் உத்தி, இங்கே கூற்றுக்குரியவர் யார் என்பதைக் காட்டிக்கொடுத்தது. சிறுமி பேசுவதாகத் தோன்றிய இடத்தில் பேசியது நிறுவனமே. எதிர்ப்பு எழுந்தபின் சில வாரங்களில் பட்டயம் அகற்றப்பட்டது. பட்டயத்தை அகற்றியதால் கூற்று மாறவில்லை. கூற்றுக்குரியவரின் பெயர் மறைந்தது மட்டுமே நிகழ்ந்தது.

கேட்போர் யார் என்பதும் இங்கே எண்ணத்தக்கது. பெண்களே இல்லாத இயக்குநர் குழுக்களைக் கொண்ட நிறுவனங்களை நோக்கியது இச்சிற்பம் என்று கூறப்பட்டது. உண்மையில் அதன்முன் நின்று கேட்டவர்கள் சுற்றுலாப் பயணிகளும் ஊடகத்தாருமே. 2017ஆம் ஆண்டு கான் நகரில் நடந்த விளம்பரத்துறை விழாவில் இம்முயற்சி 18 விருதுகளை வென்றது. அவற்றுள் நான்கு முதல்நிலைப் பெரும்பரிசுகள். இதனால் கிடைத்த விளம்பரத்தின் மதிப்பு சுமார் 74 இலட்சம் டாலர் என ஒரு சந்தைப்படுத்தல் ஆய்வு நிறுவனம் கணித்தது. கலைப்படைப்பு ஒன்றன் வெற்றி இவ்வாறு அளக்கப்படும்போது அதன் முதன்மைப் பயன் எதுவெனத் தெளிவாகிறது.

கூற்றின் உரிமை யாருடையது என்பது பின்னர் நீதிமன்றம்வரை சென்றது. ஆஸ்திரேலியாவின் மாரிஸ் பிளாக்பர்ன் என்னும் சட்ட நிறுவனம் சிற்பியிடமிருந்து ஒரு மறுபடியை வாங்கி, 2019இல் மெல்பர்ன் நகரில் பெண் சமத்துவப் பரப்புரைக்காக நிறுவியது. சிற்பத்தின் பெயருக்கு வணிகக்குறி உரிமை கோரிய ஸ்டேட் ஸ்ட்ரீட், அச்சட்ட நிறுவனத்தின்மீது ஆஸ்திரேலியாவிலும், மறுபடிகளை விற்றதற்காகச் சிற்பியின்மீது நியூயார்க்கிலும் வழக்குத் தொடுத்தது. 2021இல் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றம் சட்ட நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. பெண்கள் எவர்க்கும் அஞ்சாது நிற்கவேண்டும் என்று கூறும் சிற்பத்தைச் செய்த பெண்ணே, அச்சிற்பத்தை எங்கெங்கு நிறுத்தலாம் என்பதற்காகச் செய்வித்தவருடன் வழக்காட நேர்ந்தது.

பயன்: சொல்லும் செயலும்

ஒரு கூற்றின் தகுதி கூறுவோரின் தகுதியோடு இணைத்து நோக்கப்படுவது முன்னத்தின் இயல்பு. சிற்பம் நிறுவப்பட்டபோது ஸ்டேட் ஸ்ட்ரீட்டின் தலைமைக் குழுவினர் 28 பேருள் பெண்கள் ஐவர். இயக்குநர் குழுவினர் 11 பேருள் பெண்கள் மூவர். 2017 அக்டோபரில் அந்நிறுவனம், பெண் உயர் அலுவலர்கள் 305 பேருக்கும் கறுப்பினத் துணைத்தலைவர்கள் 15 பேருக்கும் அவர்களையொத்த பிறரினும் குறைவாக ஊதியம் வழங்கியது என்ற அமெரிக்கத் தொழிலாளர் துறையின் கண்டறிதலைத் தொடர்ந்து, சுமார் 50 இலட்சம் டாலர் வழங்க உடன்பட்டது. அக்கண்டறிதல் 2010, 2011ஆம் ஆண்டுகளுக்குரிய ஊதிய விவரங்களைச் சார்ந்தது. நிறுவனம் அதனை ஏற்கவில்லை, எனினும் தீர்வுக்கு இசைந்தது. சிறுமி நின்ற ஏழு மாதத்திற்குள் இச்செய்தி வெளியானது. அதன்பின் அவளுடைய நிமிர்வு எதிரிலிருந்த காளையை நோக்கியதா, பின்னாலிருந்த புரவலரை நோக்கியதா என்னும் வினா தவிர்க்க முடியாததாயிற்று.

இதனால் இம்முயற்சி முற்றிலும் வெறுமையானது என்று முடித்தல் பொருந்தாது. பங்குதாரர் என்ற முறையில் அந்நிறுவனத்திற்கு வாக்குரிமை இருந்தது. இயக்குநர் குழுவில் பெண்ணொருவரும் இல்லாத நிறுவனங்களுக்கு அது எழுதிக் கேட்டது. போதிய முயற்சி எடுக்காத 400 நிறுவனங்களில் 2017ஆம் ஆண்டு எதிர்வாக்களித்தது. ஸ்டேட் ஸ்ட்ரீட் உள்ளிட்ட மூன்று பெரும் முதலீட்டு நிறுவனங்களின் இத்தகைய முயற்சிகளை ஆராய்ந்த டாட் கார்ம்லி முதலிய ஐவரின் ஆய்வு, அவற்றின் விளைவாக அமெரிக்க நிறுவனங்கள் 2016இல் சேர்த்ததைப்போல் குறைந்தது இரண்டரை மடங்கு பெண் இயக்குநர்களை 2019இல் சேர்த்தன என்று மதிப்பிடுகிறது. தமக்கு முன்பே அறிமுகமான வட்டத்திற்கு வெளியே தகுதியுடையோரைத் தேடியதால் இது இயன்றது என்பதும் அவ்வாய்வின் முடிவு. பெண்களிடம் துணிவு குறைந்திருந்ததால் அன்று, தேடுவோரின் பார்வை குறுகியிருந்ததாலேயே இடங்கள் மறுக்கப்பட்டன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மாற்றத்தை உண்டாக்கியது வாக்கு. வெண்கலம் அதனை அறிவித்தது.

இவ்வேறுபாடு பின்னர் மேலும் தெளிவாயிற்று. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஸ்டேட் ஸ்ட்ரீட், பெரிய நிறுவனங்களின் இயக்குநர் குழுவில் குறைந்தது 30 விழுக்காட்டினர் பெண்களாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பைத் தன் வாக்களிப்புக் கொள்கையிலிருந்து நீக்கியது. சிற்பத்தை எவரும் நீக்கவில்லை. கொள்கை போனபின்னும் சின்னம் நின்றது. சின்னத்தை நிறுவுவதைவிடக் கொள்கையைக் காப்பது கடினம் என்பதையும், சின்னம் இருப்பதனாலேயே கொள்கையும் இருப்பதாகக் காண்போர் மயங்கக்கூடும் என்பதையும் இது உணர்த்துகிறது.

எச்சம்: இரண்டு காலடித் தடங்கள்

2018 நவம்பரில் சிறுமி பவுலிங் கிரீனிலிருந்து அகற்றப்பட்டு, அடுத்த மாதம் 10ஆம் நாள் நியூயார்க் பங்குச்சந்தைக் கட்டடத்திற்கு எதிரே நிறுவப்பட்டாள். சாலைத் தீவில் கூடிய பெருங்கூட்டத்தின் பாதுகாப்பு இதற்குக் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. பழைய இடத்தில் இரண்டு காலடித் தடங்கள் பதித்த பட்டயம் ஒன்று வைக்கப்பட்டு, காண்போர் அவளுக்காக அங்கே நிற்குமாறு அழைக்கப்பட்டனர். 1989இல் காளை வெளியேற்றப்பட்ட அதே கட்டடத்தின் முன் சிறுமி வரவேற்கப்பட்டாள் என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பம்.

கூறியவற்றைக் கொண்டு கூறாததைக் கேட்போர் நிரப்பிக்கொள்வது எச்சம். பவுலிங் கிரீனில் சிறுமியின் எச்சத்தை நிரப்பக் காளை இருந்தது. புதிய களத்தில் அவள் எதிரே உயிருள்ள விலங்கின் வேகம் இல்லை. ஒரு கட்டடம் இருக்கிறது. கலைநோக்கில் இது இழப்பு. பொருள்நோக்கில் இதில் ஓர் ஆக்கமும் உண்டு. காளை ஒரு கலைஞரின் படைப்பு. அதனிடம் எவரும் சம ஊதியம் கேட்க இயலாது. பங்குச்சந்தை உண்மையான அதிகாரம் இயங்கும் இடம். சிறுமியின் பார்வை உருவகத்திலிருந்து விலகி, கேட்கப்படவேண்டிய இடத்தை நோக்கித் திரும்பியது. ஆனால் பழைய இடத்தில் பதித்த காலடித் தடங்களே இம்முயற்சி முழுவதிலும் சமத்துவத்திற்கு மிக நெருங்கிய வடிவம் எனலாம். அங்கே குழந்தையின் உடல் இல்லை. நிறுவனத்தின் உற்பத்திப் பொருளைச் சுட்டும் சொல் இல்லை. வந்து நிற்பவர் எவரோ அவரே கூற்றுக்குரியவர்.

இதனோடு மத்தியப் பூங்காவில் 2020 ஆகஸ்டு 26 அன்று திறக்கப்பட்ட மெரிடித் பெர்க்மனின் சிற்பம் ஒப்புநோக்கத்தக்கது. சோஜர்னர் டுரூத், சூசன் அந்தோணி, எலிசபெத் கேடி ஸ்டேன்டன் என்னும் மூவரும் ஒரு மேசையைச் சுற்றிப் பேசியும் எழுதியும் செயலாற்றும் காட்சி அது. வாழ்ந்து மறைந்த பெண்களைக் காட்டும் முதல் சிலை என்னும் சிறப்பு அப்பூங்காவில் அதற்கு உண்டு. தொடக்க வடிவத்தில் கறுப்பினப் பெண் எவரும் இடம்பெறவில்லை என்ற குறை எழுந்தபின் சோஜர்னர் டுரூத் சேர்க்கப்பட்டார். கலைப்புதுமையில் அது சிறுமிக்கு ஈடாகாது. ஆயினும் அம்மூவரும் பெயருடையவர்கள், வளர்ந்தவர்கள், வேலை செய்பவர்கள்; அவர்களிடம் கல்வியும் புகழும் உள்ளன. அவர்களின் பெருமிதம் எதிரே நிற்கும் விலங்கினைச் சாராமல் அவர்களுடைய செயலைச் சார்ந்தது.

முடிவுரை

‘அச்சமற்ற சிறுமி’ கலைநயம் குன்றிய சிற்பமன்று. தறுகண்ணைச் சில அங்குல அசைவுகளில் நிலைநிறுத்திய நல்ல சிற்பம். அதன் சிக்கல் உருவத்தில் இல்லை. கூற்றுக்கும் கூறுவோருக்கும் இடையிலுள்ள இடைவெளியில் இருக்கிறது. களன் அதற்கு ஆற்றல் தந்தது. கூற்று அவ்வாற்றலை ஒரு நிறுவனத்தின் பெயரில் வரவுவைத்தது. வணிகத்தில் பெண் சமத்துவத்தைப் பொதுச்சிற்பத்தால் வலியுறுத்த விழைவோர் இதிலிருந்து பெறத்தக்க தெளிவுகள் மூன்று: உரிமை கேட்பவரை வளர்ந்தவராகவும் வேலை செய்பவராகவும் காட்டுதல், பேசுபவர் யார் என்பதை மறைக்காமை, சிற்பத்தை நிறுவுவோர் தம் ஊதியப் பட்டியலையும் வாக்கையும் அச்சிற்பத்தின் பகுதியாகவே கருதுதல். பங்குச்சந்தையின் முன் இன்றும் அச்சிறுமி நிமிர்ந்தே நிற்கிறாள். அவளை அங்கு நிறுத்தியவர்கள் தங்கள் எதிர்பார்ப்பைத் தாளிலிருந்து நீக்கிவிட்டனர் என்பதை அவ்வழியே செல்வோர்க்கு அறிவிக்கும் பட்டயம் எதுவும் அவள் காலடியில் இல்லை. அதனைச் சொல்லும் கடமை திறனாய்வுக்கு உரியது.